புளி போட்டு மினுக்கிய பதக்கங்கள்

ராசா,

சனிக்கிழமை நீ வேலைக்கு வின்னிபெக் போகிறாய். இன்று வியாழன். நீ கூட்டாளிமாரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய், அம்மா வேலைக்குப் போய்விட்டாள், நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நீ கண்டிருக்க மாட்டாய். சிரிப்பு வந்தால் சிரி. பதினாறு வருஷம் தபாற் கந்தோரில் வேலை செய்தவனுக்கு வாயைவிடக் கடதாசியில்தான் நம்பிக்கை அதிகம். என் வாய் வேண்டிய நேரத்தில் என்னைக் கைவிட்டிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் உன் தலையணையில் வைப்பேன். உறையை ஒட்டமாட்டேன். ஒட்டாத கடிதத்தை வீட்டில் யாரும் எடுத்து வாசிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அம்மா கண்டு வாசித்தால் வாசிக்கட்டும். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. உனக்குத்தான் தெரியாது.

நேற்றுப் பின்னேரம் நீ சாமான் அடுக்கும்போது என்னிடம் ஒன்று சொன்னாய். "அப்பா, மெடல் பெட்டியை நீங்களே வைச்சிருங்கோ. அங்கை நான் இன்னொருத்தனோடை ரூம் ஷெயர் பண்ணப் போறன். உங்கடை அலுமாரியிலை வைச்சுப் பூட்டுங்கோ. அம்மாட்டை மட்டும் குடுத்திடாதேங்கோ." நீ கோபமாகச் சொல்லவில்லை. பகிடியும் இல்லை. மழைக்குக் குடை கொண்டு போ என்கிற மாதிரி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாய். அம்மா பக்கத்தில் நிலத்தில் இருந்து உன் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவும் இல்லை, கை நிற்கவும் இல்லை, ஒரு சேட்டை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள். நான் "ஓம்" என்றேன். நீ ஊரை விட்டுப் போகும்போது அம்மாவைப் பற்றிப் பிழையான ஒரு கணக்கோடு போகக்கூடாது. அந்தக் கணக்கை உன் மனதில் எழுதியவன் நான். அழிக்க வேண்டியவனும் நான்.

முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு விளங்கும். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எனக்குக் கொழும்பில் வேலையும் இல்லை, இருந்த அறையும் இல்லை. ஐப்பசியில் இங்கே தனியாக வந்து இறங்கினேன். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்ட், ஐந்து ஆண்கள், ஒரே ஒரு சோற்றுப் பானை. உனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் நான் சுகமா என்று ஒரு வரி, மிச்சம் முழுக்க விமானம். எத்தனை எஞ்சின், இறக்கை உங்கள் சீற்றுக்கு முன்னுக்கா பின்னுக்கா, மேலே எழும்பியதும் சில்லு மடங்கி உள்ளே போன சத்தம் கேட்டதா. நான் எதைக் கண்டேன்? ஏறி இருந்ததும் கண்ணை இறுக்கி மூடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டவன், இறங்கச் சொன்ன பிறகுதான் திறந்தேன். அப்படி எழுத வெட்கமாக இருந்தது. என்ன பதில் எழுதுவது என்று இரண்டு கிழமை யோசித்துக்கொண்டு திரிந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பழைய சாமான் சந்தைக்குக் கையுறை வாங்கப் போனேன். கரண்டிகளுக்கும் ஓடாத மணிக்கூடுகளுக்கும் நடுவில் வட்டமாக ஒன்று கிடந்தது. உள்ளங்கை அளவு, கனத்த வெண்கலம், நல்ல மண்ணிறம். ஒரு பக்கத்தில் மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த விமானம் ஒன்று புடைத்து நின்றது. மறுபக்கத்தில், சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்ததன் நினைவாக அடித்தது என்று எழுதியிருந்தது. விற்றவர் அதை மெடல் என்றார். ஓட்டத்தில் வென்றவனுக்கும் சண்டையில் வென்றவனுக்கும்தான் மெடல் கொடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நடந்த பெரிய காரியம் ஒன்றை மறக்காமல் இருக்கவும் அடிப்பார்களாம், விமானங்களுக்கென்றே தனியாக இருக்கிறதாம், அதைத் தேடிச் சேர்க்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்களாம். அன்று கையுறை இல்லாமல் திரும்பி வந்தேன்.

பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. உங்கள் இரண்டு பேரின் விசாக் கடதாசி இன்னும் வரவில்லை என்று கேள்விப்படுகிற ஒவ்வொரு தடவையும் நான் சந்தைக்குப் போனேன். மற்றவர்கள் அந்தக் கவலைக்குக் குடித்தார்கள், நான் விமானம் தேடினேன். நோவாஸ்கோஷியாவில் உறைந்த ஏரியில் இருந்து எழும்பியது ஒன்று. பிரான்சில் இருந்து இங்கிலாந்துக்குக் கடல் தாண்டியது ஒன்று. நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு நில்லாமல் அத்லாந்திக்கைத் தாண்டி, பச்சைப் புல்வெளி என்று நம்பி அயர்லாந்துச் சேற்றுக்குள் இறங்கி மூக்குக் குத்தி நின்ற இரண்டு பேருடையது ஒன்று. நீங்கள் வரும்போது ஏழு சேர்ந்துவிட்டது. பிஸ்கற் பேணி ஒன்றில் பஞ்சு வைத்து, பெரியதை அடியிலும் சின்னதை மேலேயுமாக அடுக்கி வைத்திருந்தேன். தபாற் பொதிகளை அப்படித்தான் அடுக்குவோம்.

எண்பத்தைந்து சித்திரையில் வந்தீர்கள். அம்மா உன்னையும் ஒரு சூட்கேசையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தாள். வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்கள் என்று அவள் இன்றுவரை எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பிறகு இரண்டு விமானம் மாறி வந்தாள். விமான நிலையத்தில் நீ அவளைவிட ஒரு பிடி உயரமாக நின்றாய், ஆனாலும் அவளுக்குப் பின்னால்தான் நின்றாய். அவளுடைய காதில், "இவர் நல்லா மெலிஞ்சு போனார்" என்றாய். இவர். எனக்கு அது சுருக்கென்று தைத்தது, ஆனால் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் கொழும்பில் வேலை, நீங்கள் யாழ்ப்பாணத்தில். மாதத்துக்கு ஒரு தடவை ரெயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிப் போகிற அப்பா நான். அதுவும் நின்று ஒன்றரை வருஷம். பேணியைத் திறந்து காட்டினேன். "ஓம், வடிவா இருக்கு" என்று சொல்லி மூடித் தந்தாய். மூன்று மாதம் நீ எனக்குச் சொன்னதெல்லாம் ஓம், இல்லை, சாப்பிட்டிட்டன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, வெளியே மழை. நான் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பின்னால் வந்து நின்று, "உது பிழை" என்றாய். எது என்று கேட்டேன். "நீங்கள் பெரிசு சின்னன் பார்த்து அடுக்கியிருக்கிறியள். வருஷம் பார்த்தெல்லோ அடுக்க வேணும் அப்பா." தன் பிழையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் அன்றைக்கு ஸ்காபரோவிலேயே நான் ஒருவன்தான். நீ நிலத்தில் இருந்து ஏழையும் பரப்பினாய். வருஷப்படி அடுக்கினாய், பிறகு கலைத்துவிட்டு, "இல்லை, கடலைத் தாண்டினதுகளைத் தனிய வைப்பம்" என்றாய். அன்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் சந்தைக்குப் போனோம். நாலு புதிதாகச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்து மரவேலை வகுப்பில் நீ அந்தப் பெட்டியைச் செய்து, உள்ளே நீல வெல்வெற் ஒட்டினாய். நூலகத்தில் இருந்து புத்தகங்கள் கொண்டு வந்தாய். ஒஷாவாவில் பதக்கம் சேர்க்கிறவர்கள் வருஷா வருஷம் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள், அங்கே பிள்ளைகளும் காட்சிக்கு வைக்கலாம் என்று அறிந்து பெயரைக் கொடுத்தாய். உன் தலைப்பு, "கடலைத் தாண்டியவர்கள்."

அந்த நாட்களில் நீ எனக்கு நிறையச் சொன்னாய். பதக்கத்தின் முகப்பைத் தொடக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்கவேண்டும். ஈரக் கையால் எடுக்கக்கூடாது. எக்காரணம் கொண்டும் துடைத்து மினுக்கக்கூடாது. "அந்த மண்ணிறம் ஊத்தை இல்லை அப்பா. வெண்கலத்துக்கு அது தோல் மாதிரி. அதுதான் அதின்ரை வயசு. மினுக்கினா ஒருத்தரும் திரும்பியும் பார்க்க மாட்டினம்." இதை நீ ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னாய், எனக்கு நல்ல நினைவு. நான் தலையாட்டினேன். ஆனால் ராசா, உண்மையைச் சொன்னால் நான் கேட்கவில்லை. நீ கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தொண்டை உடைந்து புதுக் குரல் வந்திருந்தது, கதைக்கும்போது உன் வலது புருவம் மேலே போகிறது, அதெல்லாம் எனக்குப் புதினம். குரலைக் கேட்டேன், சொன்னதைக் கேட்கவில்லை. பாசத்தில் செய்கிற பிழை என்று இதை வெள்ளையடிக்கலாம். பிழை பிழைதான்.

அந்த வருஷத்துச் சரஸ்வதி பூசைக்கு நான் வேலைக்கு லீவு எடுத்திருந்தேன். நீ பள்ளிக்கூடம், அம்மா ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கப் போய்விட்டாள். கும்பம் வைத்து, படம் வைத்து, உன் புத்தகங்களை அடுக்கினேன். அவரவர் தொழிலுக்குரிய கருவியைத்தானே வைக்கவேண்டும், இவனுக்குப் புத்தகத்தைவிட மெடல்தானே கருவி என்று ஒரு யோசனை வந்தது. பெட்டியை எடுத்து வந்தேன். குத்துவிளக்கு பளபளவென்று நின்றது, அதற்குப் பக்கத்தில் உன் பதக்கங்கள் கறுத்துப்போய்க் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. கந்தோரில் தராசுத் தட்டையும் முத்திரைக் கட்டையையும் வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டு மினுக்கியவன் நான். என்னுடைய கந்தோருக்குள் வந்தால் பித்தளையில் முகம் பார்க்கலாம் என்று பெயர். பழப்புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, குசினித் தொட்டியில் வைத்துப் பதினொன்றையும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அந்த மண்ணிறம் கழன்று, உள்ளே இருந்து புது ரோசாப் பொன்னிறம் வந்தது. எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? பாட்டுக்கூடப் பாடினேன். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சரஸ்வதிக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். வருஷப்படிதான் வைத்தேன், அதை மட்டும் மறக்கவில்லை.

நீ மூன்றரைக்கு வந்தாய். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றாய். நீ புத்தகப் பையை இறக்கவே இல்லை. குனிந்து, அந்த அத்லாந்திக் பதக்கத்தை விளிம்பில் பிடித்து எடுத்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் நீ இரண்டு தடவை சொன்னது முழுவதும் எனக்கு நினைவு வந்தது, ஒரு சொல் விடாமல். "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன், கடவுள் அறிய. ஆனால் எனக்கு அந்த மூன்று மாதமும் கண் முன்னால் வந்தது. ஓம், இல்லை, சாப்பிட்டிட்டன். திரும்ப அங்கே போய்விடுவாயோ என்று பயந்தேன். "அம்மா... பூசைக்கு எண்டு..." என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை நீயே போட்டுக்கொண்டாய்.

அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்தபோது நீ கதவடியிலேயே நின்றாய். கதவைத் திறந்த திறப்பு அவள் கையிலேயே இருந்தது, கோட்டும் கழற்றவில்லை. "ஏனம்மா தொட்டனீங்கள்? ஆர் உங்களைத் தொடச் சொன்னது?" நீ அவளோடு அப்படிக் கத்தியதை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவள் உன்னைப் பார்த்தாள். பிறகு படத்துக்கு முன்னால் மினுங்குகிறதைப் பார்த்தாள். குசினித் தொட்டியில் கிடந்த புளிக் கோதைப் பார்த்தாள். கடைசியாக என் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் எல்லாம் புளி. நான் கையைப் பின்னால் கட்டினேன், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியன் மாதிரி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எனக்குத் தெரியேல்லையடா ராசா" என்றாள். "மினுக்கினா நல்லது எண்டு நினைச்சிட்டன்." நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அம்மா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, காலைக் கையைக் கழுவி, பூசைக்குப் பொங்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் காலையில் லோறன்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அவள் பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களோடை அவன் இப்பத்தான் வாய் திறந்து கதைக்கிறான். அதைக் கெடுக்கேலுமே? என்னோடை கோவிச்சா என்ன, பிறந்ததிலை இருந்து என்னோடை இருந்த பிள்ளை. எனக்குக் காணுமான அளவு கிடைச்சிட்டுது. உங்களுக்குத்தான் ஒண்டும் கிடைக்கேல்லை. விடுங்கோ, ரெண்டு நாளிலை மறந்திடுவான்." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். இரண்டு நாள் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாள் இப்போது நாலு வருஷமாகிவிட்டது.

ஒஷாவாவுக்கு நீ போகமாட்டாய் என்று நினைத்தேன், போனாய். பெயர் கொடுத்தாயிற்று, வைக்கத்தான் வேணும் என்றாய். மூன்று கிழமை கழித்து, இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம், பெட்டி உன் மடியில். அந்த மண்டபத்தில் எல்லா மேசையிலும் பதக்கங்கள் மண்ணிறமாக, அமைதியாகக் கிடந்தன. எங்களுடைய மேசை மட்டும் கலியாண வீடு மாதிரி மினுங்கியது. பரிசுக்காகப் பார்வையிட வந்த அம்மையார் நல்ல மனிசி. நீ எழுதி வைத்திருந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஒன்றைப் பார்த்து, இன்னொன்றைப் பார்த்து, கண்ணாடியைக் கீழே வைத்தார். நல்ல தேர்வு, நல்ல தலைப்பு, ஆனால் யாரோ இவற்றைக் கழுவிவிட்டார்களே என்றார். நீ ஆங்கிலத்தில் சொன்னாய், என் அம்மா செய்துவிட்டார், அவருக்குத் தெரியாது என்று. மெதுவாக, அம்மாவை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னாய். அந்த அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்தார், வீட்டுக்கு வீடு இப்படித்தான் என்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். ராசா, நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் வெட்கமான காரியம் அந்தச் சிரிப்புத்தான். வெளிக்கிடும்போது விற்பனை மேசையில் நாங்கள் மாதக்கணக்காகத் தேடிய ஒன்றை நீ கண்டுபிடித்து வாங்கினாய், பெண் ஒருத்தி தனியாக அத்லாந்திக்கைத் தாண்டியதற்கு அவள் முகத்தோடு அடித்தது. கழுவாதது, நல்ல மண்ணிறம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பரவாயில்லை அப்பா, அடுத்த முறை பார்ப்பம்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாய். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக உன் தலையின் பாரம் என் தோளில். அது எனக்குரியது அல்ல என்று தெரிந்துகொண்டே அசையாமல் இருந்தேன்.

நீ அம்மாவோடு கோபமாக இருந்தாய் என்று சொல்லமாட்டேன். அது ஒரு கிழமையில் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு உன் மேசை லாச்சிக்குப் பூட்டு வந்தது. உன் உடுப்பை நீயே தோய்த்தாய். அவள் உன் மேசையைத் துடைக்க வந்தால், "விடுங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்றாய், மரியாதையாகத்தான். அவள் துணியோடு கதவடியில் நிற்கப் பழகிக்கொண்டாள். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது: ஒரு நாள் நீ பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது அவள் கதவடியில் நின்று எட்டிப் பார்த்து, "அந்தப் பொம்பிளை ஆர் தம்பி?" என்று கேட்டாள். கையை இரண்டு அடி தள்ளி நீட்டித்தான் காட்டினாள். நீ, "தொடாதேங்கோ அம்மா" என்றாய். அவள் கையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் யார் என்று நீ சொல்லவில்லை. நான் மேசையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்தேன் என்று சொல்வதே பொய். ஒரே வரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் அம்மாவிடம், அவனுக்கு எழுதப்போகிறேன் என்றேன். "இப்ப ஏன்? போற பிள்ளையின்ரை மனசைக் குழப்பாதேங்கோ. உங்களோடை கோவிச்சுக்கொண்டு போனா அங்கை தனிய இருந்து என்ன செய்வான்?" என்றாள். பார், இன்னும் அதே நியாயம்தான். இவ்வளவு காலமும் அவள் சொன்னதைக் கேட்டு நல்ல பிள்ளையாக இருந்துவிட்டேன், இந்த ஒரு தடவை கேட்கப்போவதில்லை. நீ என்னோடு கோபித்துக்கொண்டு போனாலும் போ. கோபிக்க உனக்கு உரிமை இருக்கிறது. ஒரு மாதம் போன் எடுக்காவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். இரண்டு மாதமென்றால் கேட்பேன்.

புத்தி சொல்லாமல் எந்தத் தகப்பனும் கடிதத்தை முடிக்கமாட்டான், நானும் முடிக்கப் போவதில்லை. நீ விமானம் திருத்துகிற வேலைக்குப் போகிறாய். என்றைக்காவது ஒரு நட்டைப் பிழையாக முறுக்கிவிட்டாய் என்று தெரிந்தால், மேலதிகாரி ஏசுவாரே, கூட நிற்கிறவன் சிரிப்பானே என்று பார்க்காதே. அந்த நிமிஷமே கையைத் தூக்கி நான்தான் என்று சொல். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் அது பிறகு வராது, என்னைப் பார். நாளைக்கு நீ ஒருத்தியோடு வாழ்வாய். அவள் உன் மேலுள்ள அன்பில் உன் பிழை ஒன்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டால், அன்று பொழுதுபட முன்னம் அதைத் திருப்பி வாங்கிக்கொள். வாங்காமல் விட்டால் அது அவளுடையதாகவே ஆகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடும். கடைசியில் யார் செய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. செய்தவனுக்கு மட்டும் இருக்கும். இன்னொன்று, உனக்குப் பிள்ளை பிறந்தால் அது ஏதாவது சொல்லும்போது முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இராதே. என்ன சொல்கிறது என்றும் கேள்.

இன்னொரு விஷயம். நேற்று நீ பெட்டியைத் தந்த பிறகு திறந்து பார்த்தேன். நான் மினுக்கிய பதினொன்றும் இப்போது அப்படி மினுங்கவில்லை. விளிம்புகளிலும், விமானம் புடைத்து நிற்கிற இடத்தைச் சுற்றியும் மண்ணிறம் திரும்ப வரத் தொடங்கியிருக்கிறது. ஒரே சீராக இல்லை, திட்டுத் திட்டாகத்தான். விலைக்கு உதவாது, ஒஷாவாவில் இன்றைக்கும் பரிசு கிடைக்காது. ஆனாலும் வருகிறது. நான் தொடவில்லை, சத்தியமாக.

அலுமாரித் திறப்பை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். பெட்டி மேல்தட்டில் இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை அம்மா நாலரைக்கு வருவாள். கதவில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்டால், நீயே போய்த் திற. மன்னிப்புக் கேட்க உனக்கு ஒன்றும் இல்லை, அது என்னுடைய வேலை. நீ பெட்டியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடு, அவ்வளவே போதும். அந்தப் பெண் யாரென்று அவள் எப்போதோ கேட்டது, அதற்குப் பதில் சொல். அவள் எடுத்துப் பார்க்கட்டும். எப்படிப் பிடிக்கவேண்டும் என்று நீ சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் ராசா. அவள் இன்றுவரை அதில் ஒன்றையும் தொட்டதில்லை.

புளி போட்டவன்,
உன் அப்பா